ஃபேன்டம் ஜாமுக்கு "மாய நெரிசல்" சரியா வருமா?

அண்ணே, ரோட்ல எந்தத் தடையும் இல்லாமலே உருவாகற டிராஃபிக் ஜாமத்தான் ஃபேன்டம் ஜாம்ங்கறாங்க, அதுக்கு நம்ம கலைச்சொல் அகராதில போட நீங்க நேத்து சொன்ன "மாய நெரிசல்" கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒட்டல. மாயம்னா இல்லாதது இருக்கற மாதிரி தெரியறது. இங்க நெரிசல் நிஜம்ணே, போன பொங்கல் முடிஞ்சு சென்னைக்கு திரும்பறப்ப மதுராந்தகம் தாண்டி முக்கா மணி நேரம் ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிட்டு வந்தேன், முன்னாடி ஏதோ ஆக்சிடென்ட் போலன்னு பார்த்தா ஒண்ணுமே கிடையாது, திடீர்னு எல்லா வண்டியும் பறக்குது. இல்லாம போனது ஆக்சிடென்ட்தான்.

"காரணமிலா நெரிசல்"னு இன்னொருத்தர் போட்டது அதவிட தப்பு. காரணம் நல்லாவே இருக்கு. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்து சுகியாமா குழு 2008ல வெளியிட்ட சோதனைய பாருங்க, 230 மீட்டர் சுத்தளவுல ஒரு வட்டப்பாதை, 22 கார், 30 கிலோமீட்டர் வேகத்துல முன்வண்டிய பார்த்து ஓட்டுங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. சிக்னல் இல்ல, மாடு குறுக்க வரல. வகுத்தா ஒரு காருக்கு பத்தரை மீட்டர் கூட வராது, அதுல வண்டி நீளமே சுமார் நாலு மீட்டர் தின்னுடும். கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒருத்தர் லேசா வேகத்த குறைக்க, பின்னாடி இருக்கறவர் ஒரு நொடி லேட்டா கவனிச்சு கொஞ்சம் கூடவே பிரேக்க மிதிக்க, அவருக்கும் பின்னாடி உள்ளவர் இன்னும் அழுத்தி மிதிக்க, கடைசில சில கார் அப்படியே நின்னுடுச்சு. கார் முன்னாடி போகுது, அந்த நிக்கிற கூட்டம் மட்டும் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி நகருது! அடர்த்தி கம்மியா இருந்தா அதே பிரேக் ரெண்டு வண்டியோட கரைஞ்சு போயிருக்கும், ஒரு அளவத் தாண்டிட்டா சின்ன தடுமாற்றம் கூட அடங்காம வளரும்.

அதனால பேர்ல "தானா"ங்கறது இருக்கணும். "தன்னெரிசல்"னு எழுதி வீட்ல காட்டினேன், யாருக்கு என்ன எரிச்சல்னு கேக்கறாங்க. "தன்னெழு நெரிசல்" எப்படிண்ணே? தன்னெழுச்சிப் போராட்டம்னு பேப்பர்ல படிச்சுப் பழகின சொல்லு, வினைத்தொகையா அழகா உக்காருது. டோல்கேட், பாலம் வேலை, மூணு லேன் ரெண்டாகற இடம் இதுக்கெல்லாம் "இடுக்கு நெரிசல்"னு தனியா வச்சுட்டா குழப்பமும் வராது. அமெரிக்காவுல எம்ஐடி ஆளுங்க 2009ல இந்த நெரிசல் அலைக்கு, சாலிட்டான் (உருவம் மாறாம நகர்ற தனி அலை) மாதிரி ஜாமிட்டான்னு பேர் வச்சாங்க, நாம அத "நெரிசலான்"னு ஆக்கினா எவனோட பட்டப்பேரோன்னு இருக்கும், வேணாம்.

அந்த நிக்கிற கூட்டம் அலை மாதிரி பின்னாடி நகருதே, அதுக்கு "பின்னலை"ன்னு சுருக்கலாம்னு தோணுச்சு, ஆனா "பின்னலை அளந்தனர்"னு எழுதினா ஜடைய அளந்த மாதிரி ஆயிடும். இப்போதைக்கு "பின்னகரும் அலை"ன்னு வச்சிருக்கேன், நீளம்தான். சின்னதா யாருக்காவது தோணினா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னிக்குத்தான் அகராதில ஏத்தப்போறேன்.