கோல்ஃப் ஸ்டோரி: கையில் வைத்து ஆடினால் பந்து நேராகப் போகிறது, டிவியில் ஆடினால் ஓரம் போகிறது. உதவுங்கள்

பச்சைத்திடல்:

வணக்கம் நண்பர்களே. நின்டெண்டோ ஸ்விட்சில் (கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டலாம்) கோல்ஃப் ஸ்டோரி என்ற கேம் ஆடுகிறேன். வெல்வோர்ன் குரோவ் மைதானம் முழுவதையும் கையில் வைத்தே ஆடி முடித்தேன். அந்தக் கோச்சிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது, ஊருக்குள் எங்கே பந்தை வைத்து அடித்தாலும் யாராவது ஏதாவது சொல்வது எல்லாமே பிடித்துப்போனது. பெரிய திரையில் பார்க்கலாமே என்று போன வாரம் டிவியில் மாட்டினேன். அன்றிலிருந்து ஆட்டமே போய்விட்டது.

மூன்று அழுத்தத்தில் அடிக்கிற ஸ்விங் மீட்டர் உங்களுக்குத் தெரியும். முதல் அழுத்தத்தில் முள் கிளம்பும், இரண்டாவதில் பவர், மூன்றாவதில் நேர். மூன்றாவதை என்னால் சரியான இடத்தில் பிடிக்கவே முடியவில்லை. பந்து ஓரமாக வளைந்து புல்லுக்குள்ளோ மணலுக்குள்ளோ போய்விடுகிறது. சில நேரம் குறி வைத்த இடத்தையும் தாண்டி விழுகிறது. நான்கு அடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டிவிடும் பட்கூடக் குழியைக் கடந்து ஓடுகிறது.

கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்தேன், அப்டேட் செய்தேன், கேமை அழித்துத் திரும்ப ஏற்றினேன். எதுவும் உதவவில்லை. லெவல் ஏறும்போது கிடைத்த பாயின்ட்டுகளை முக்கால்வாசி பவரில் போட்டிருக்கிறேன், அதனால் இருக்குமோ? அல்லது எனக்கு விளையாட்டே மறந்துவிட்டதா?

தாளக்கட்டு:

மறக்கவில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள். பந்து எப்போதும் ஒரே பக்கம்தான் போகிறதா, அல்லது இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறதா? நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். போட்டிக்கு வெளியே ஒரு திறந்த இடத்தில் பந்தை வைத்து, காற்று குறைவான நேரமாகப் பார்த்து, ஒரே கிளப்பால் 20 தடவை அடித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பச்சைத்திடல்:

அடித்துவிட்டேன். 20-இல் 17 ஒரே பக்கம், 3 நேர். மறுபக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே வியப்பாக இருந்தது.

தாளக்கட்டு:

அப்படியென்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை. கை தடுமாறினால் சில அடி சீக்கிரம் விழும், சில அடி தாமதமாக விழும், பந்து இரண்டு பக்கமும் சிதறும். எல்லாமே ஒரே பக்கம் சாய்கிறது என்றால் ஏதோ ஒன்று ஒவ்வொரு அடியையும் ஒரே அளவு தள்ளிப்போடுகிறது. அது உங்கள் டிவி.

முதல் பதிவிலேயே இன்னொரு தடயமும் இருக்கிறது. பந்து குறியைத் தாண்டி விழுகிறது, பட் குழியைக் கடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது அழுத்தமும் தாமதமாகிறது என்பதற்கு அதுதான் சான்று. தாமதமானால் முள் கூடுதலாக ஏறிவிடும், பவர் கூடிவிடும். மூன்றாவது அழுத்தம் மட்டும் தவறியிருந்தால் பந்து வளையும், ஆனால் இப்படி நீளாது.

நடப்பது இதுதான். ஸ்விட்ச் அனுப்பும் படத்தை டிவி வாங்கியவுடன் காட்டிவிடுவதில்லை. கூர்மை ஏற்றும், நிறம் திருத்தும், இரைச்சல் நீக்கும். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருக்கிறதே, இதற்கு அதுதான் முதல் எதிரி. இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒரு படம் உண்டாக்க வேண்டுமென்றால் அடுத்த படம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே டிவி படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகுதான் விடுகிறது. சினிமா பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, ஒலியையும் அதே அளவு தள்ளிவைத்தால் வாயசைவு பொருந்திவிடும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்துவது இப்போது, பார்ப்பது சற்று முந்தைய முள்ளை. திரையில் முள் கோட்டைத் தொடும் நேரத்தில் ஸ்விட்சுக்குள் அது எப்போதோ கோட்டைக் கடந்துவிட்டது.

ஃபோனில் ஸ்லோமோஷன் இருந்தால் அளந்துவிடலாம். நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதியாக இருந்தால் நல்லது. கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனை நிறுத்திவையுங்கள். பட்டன் அமுங்கும் படத்திலிருந்து முள் அசையத் தொடங்கும் படம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 4.17 மில்லிசெகண்ட். ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். கையில் வைத்து ஒன்று, டிவியில் ஒன்று.

குழிமுனை:

இவ்வளவு அளவெல்லாம் எதற்கு? கொஞ்சம் முன்னாடியே அழுத்திப் பழகினால் போதும். நான் பல வருடமாக அப்படித்தான் ஆடுகிறேன். தாமதம் மாறாமல் ஒரே அளவில் இருந்தால் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

தாளக்கட்டு:

ஒரே டிவியில் மட்டும் ஆடுகிறவருக்கு நீங்கள் சொல்வது உண்மைதான், கை பழகிவிடும். ஆனால் இவர் கையிலும் ஆடுகிறார், டிவியிலும் ஆடுகிறார். இரண்டுக்கும் இரண்டு தாளம் வைத்துக்கொள்வது கொடுமை. அதைவிட, இந்த விளையாட்டின் உயிரே அந்த மூன்று அழுத்தத்தின் தாளம்தான். 1984-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற பழைய கேம் கருவிக்கு வந்த கோல்ஃப் விளையாட்டுக்கு சத்தோரு இவாட்டா புரோகிராம் எழுதினார். முள் போய்த் திரும்பி வரும் இந்த மீட்டர் அதில்தான் வந்தது. அன்றைக்கு இருந்த குழாய் டிவிகள் சிக்னல் வரவரக் கோடு கோடாக வரைந்துவிடும், படத்தைச் சேர்த்து வைத்திருக்காது. பழைய பாணியில் கட்டிய விளையாட்டை அந்தத் தாளம் கெடாமல் ஆட வேண்டும் என்பது என் பிடிவாதம். சரிசெய்ய முடிகிற ஒன்றுக்காகக் கையை ஏன் வளைக்க வேண்டும்?

பச்சைத்திடல்:

அளந்துவிட்டேன். கையில் வைத்து ஆடும்போது சராசரி 17 படம், டிவியில் 45 படம். 28 படம் வித்தியாசம். கணக்குப் போட்டால் 117 மில்லிசெகண்ட் வருகிறது. இது அதிகமா?

படத் திருத்தங்களைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு என் டிவியில் இருக்கிறதா என்று தேடினேன். டிவி செட்டிங்ஸில் பெயர் இருக்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை.

தாளக்கட்டு:

அதிகம்தான். நொடிக்கு 60 ஃப்ரேம் என்ற கணக்கில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். நீங்கள் ஏழு ஃப்ரேம் பின்னால் ஆடுகிறீர்கள். எடுத்துக்காட்டுக்கு, முள் ஃப்ரேமுக்கு இரண்டு பிக்சல் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கோட்டிலேயே அழுத்தினாலும் பதினான்கு பிக்சல் தள்ளித்தான் பதிவாகும். பிக்சல் ஓவிய விளையாட்டில் அந்த நேர்க்கோடு எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சந்தேகம். செட்டிங்ஸைத் திறக்கும்போது திரையில் ஸ்விட்ச் படம் ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது டிவியின் முகப்புப் பக்கமா?

பச்சைத்திடல்:

முகப்புப் பக்கத்திலிருந்துதான் போனேன்.

தாளக்கட்டு:

அதுதான் காரணமாக இருக்கும். பல டிவிகள் பட அமைப்புகளை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக வைத்திருக்கும். ஸ்விட்ச் மாட்டிய எச்டிஎம்ஐ-க்கு மாறி, கேம் ஓடும்போதே செட்டிங்ஸைத் திறங்கள். அங்கே கேம் மோடு உயிர்பெற்றிருக்கும். போட்ட பிறகு அசைவை வழவழப்பாக்கும் வசதியும் இரைச்சல் நீக்கமும் அணைந்துவிட்டனவா என்று தனியே பாருங்கள். சில டிவிகளில் அவை ஒட்டிக்கொண்டு இருந்துவிடும். கேம் மோடே இல்லாத டிவியென்றால் அந்த இன்புட்டின் பெயரை பிசி என்று மாற்றிப் பார்க்கலாம், பல டிவிகளில் பட வேலைப்பாடு அதனாலேயே குறையும்.

நிறம் கொஞ்சம் வெளுத்ததுபோல் முதலில் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

பச்சைத்திடல்:

கிடைத்துவிட்டது! ஸ்விட்ச் இன்புட்டில் நின்று திறந்தவுடன் கேம் மோடு பளிச்சென்று இருந்தது. வழவழப்பு வசதி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதையும் அணைத்தேன். திரும்ப அளந்தேன்: 22 படம். கையில் ஆடுவதைவிட 5 படம்தான் கூடுதல், கேமின் கணக்கில் ஒரு ஃப்ரேமும் சொச்சமும்.

அதே இடத்தில் மறுபடி 20 அடி. நேர் 11, ஒரு பக்கம் 5, மறுபக்கம் 4. பந்து இப்போது இரண்டு பக்கமும் போகிறது. இந்த மிச்சத்தை எப்படிக் குறைப்பது?

எட்டுபிட்:

இடையில் நுழைகிறேன், இந்த மிச்சம் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகச் சிதறுவதால் டிவியின் பங்கு பெரும்பாலும் முடிந்தது. இனி உங்கள் பாயின்ட் கணக்கைப் பார்க்கலாம்.

இந்த விளையாட்டில் பவரை ஏற்றினால் மற்ற திறன்கள் இறங்கும். அடுத்த முறை பாயின்ட் போடும்போது பக்கத்து எண்களையும் கவனியுங்கள். பவர் என்பது கோல்ஃப் ஆர்பிஜிகளின் (லெவல் ஏற்றி ஆளை வளர்க்கும் விளையாட்டுகளின்) பெரிய ஆசைகாட்டி. மற்ற ஆர்பிஜிகளில் வாள் பலத்தைக் கூட்டினால் லாபம் மட்டும்தான். கோல்ஃபில் தூரம் கூடினால் தவறும் கூடுதல் தூரம் போகும். ஐந்து டிகிரி விலகிய பந்து 150 கெஜத்தில் 13 கெஜம் தள்ளி விழும். அதே விலகல் 250 கெஜத்தில் 22 கெஜம். பல ஃபேர்வேகளில் (குழிவரை போகும் வெட்டிய புல்பாதைகளில்) முதலாவது புல்லில் தப்பிக்கும், இரண்டாவது மரத்துக்குள் போகும்.

1999-இல் கேம் பாய் கலரில் கேம்லாட் செய்த மாரியோ கோல்ஃபில்தான் நான் இதைக் கற்றேன். அனுபவப் புள்ளி, லெவல், கிளப் ஹவுஸில் ஆட்களோடு பேச்சு எல்லாம் அதில் உண்டு. முழுக்கத் தூரத்திலேயே போட்டு வளர்த்த ஆளை வைத்துக்கொண்டு ஒரு போட்டியும் ஜெயிக்க முடியாமல் திண்டாடினேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, தூரத்தை அளவாக வைத்து, இரண்டு அடியில் குழியைச் சுற்றியுள்ள க்ரீனை அடைந்தால் போதும் என்று ஆடிய பிறகுதான் விளையாட்டு திறந்துகொண்டது.

ஆகவே அடுத்த சில லெவலுக்குப் பவரைத் தொடாதீர்கள். அப்புறம், முதல் அடி அடிக்கும் டீயில் நின்றவுடன் அதிகத் தூரம் போகும் கிளப்பான டிரைவரை எடுக்கும் வழக்கத்தை விடுங்கள். ஃபேர்வே எங்கே அகலமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அகலமான இடம் 180 கெஜத்தில் இருந்தால் 180 போகும் கிளப்தான் சரியான கிளப்.

குழிமுனை:

எட்டுபிட் சொன்னதை வழிமொழிகிறேன். இழையைப் படித்துவிட்டு நானும் என் டிவியை அளந்தேன், 38 படம் வந்தது. கேம் மோடு போட்டவுடன் 21. பழைய பழக்கத்தில் இப்போது முன்னாடியே அழுத்திவிடுகிறேன், பந்து மறுபக்கம் போகிறது. கையைத் திருப்ப நாளாகும் போலிருக்கிறது. பரவாயில்லை, முள்ளும் விரலும் ஒன்றாகச் சேர்கிற அந்த அடியின் சுகமே வேறு.

கர்ஸ்ட் டு கோல்ஃப் ஆடுகிறவர்களும் இதைச் செய்து பாருங்கள். 2022-இல் வந்த அதிலும் பவருக்கு ஒரு அழுத்தம், அசையும் திசைக்கு ஒரு அழுத்தம். அடிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வேறு இருப்பதால் ஒரு தாமதமான அடி மிகவும் வலிக்கும்.

பச்சைத்திடல்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். இரண்டு லெவல் ஏறினேன், பவரில் ஒரு பாயின்ட்கூடப் போடவில்லை. நேற்று இரவு என்னைப் பாடாய்ப் படுத்திய ஹோலை மறுபடி எடுத்தேன். டிரைவரை விட்டுவிட்டு, தூரம் குறைவாகப் போகும் அயர்ன் கிளப். பந்து ஃபேர்வே நடுவில் இரண்டு தத்துத் தத்தி நின்றது. அடுத்த அடி க்ரீனில். நான்கு அடி பட், அதே தூரம்தான், இந்த முறை குழியின் விளிம்பைத் தொட்டு உள்ளே விழுந்தது. டிவியில்!

தாளக்கட்டு, எட்டுபிட், குழிமுனை மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 20 அடி அடித்து எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் கேமையே விற்றிருப்பேன். தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிடுகிறேன். இதே சிக்கலோடு வருகிறவர்கள் முதலில் எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள், நானும் பதில் சொல்கிறேன்.