ஆல்டோ சாக்ஸ்: ச நிற்கிறது, கீழ் ரி மட்டும் உளறுகிறது

இரண்டரைக்கட்டை:
வணக்கம். பழைய ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கி எட்டு மாதமாகக் கர்நாடக இசை கற்கிறேன். சுருதிப்பெட்டியை இரண்டரைக் கட்டை சுருதியில் வைத்து, சாக்ஸின் லோ சி-யை (கீழ் சி) ச என்று எடுத்துக்கொண்டு மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வாசிப்பேன்.

க-விலிருந்து மேல் ச வரை சுமாராக வருகிறது. கீழ் ச-வும் பத்துக்கு எட்டு முறை நிற்கும். ஆனால் அடுத்த ரி, அதாவது லோ சி ஷார்ப், வாய் கொப்பளிப்பது மாதிரி களகளத்து, சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடுகிறது. அந்த ச-வுக்குக் கீழே இருக்கும் மந்தர நி-யும், அதாவது லோ பி, அதே கதைதான். ஆசிரியர் "உதட்டை இறுக்கு" என்கிறார். இறுக்கி இறுக்கிக் கீழுதட்டின் உள்பக்கம் புண்ணாகிவிட்டது. தினம் ஒரு மணி நேரப் பயிற்சியில் பாதி இதோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) 3-ஆம் நம்பர், விற்றவர் கொடுத்தது. என்ன பயிற்சி செய்யலாம்?

சும்மாவந்தேன்:
ரீடை 2-க்கு மாற்றிப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

பேண்டுசெட்:
ரீடை மாற்றுவது நல்லதுதான், எட்டு மாதக்காரருக்கு 3 கனம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. மோகன ராகம் வாசித்தால் அதில் வரும் ரி எப்படி இருக்கிறது?

இரண்டரைக்கட்டை:
இப்போதுதான் ஊதிப் பார்த்தேன் அண்ணா. சுத்தமாக வருகிறது!

பேண்டுசெட்:
அப்படியென்றால் உங்கள் உதட்டின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். மோகன ரி என்பது லோ டி, அதற்கு இடது சுண்டுவிரல் வேண்டாம். ச-வுக்கு வலது சுண்டுவிரல். உங்களுக்குத் தகராறு செய்கிற சி ஷார்ப், பி இரண்டும் இடது சுண்டுவிரல் சாவிகள். அந்தச் சாவிகளை அழுத்தும்போது ஜி ஷார்ப் சாவியும் கூடவே அழுந்தும். வலது கை விரல்கள் கீழே இருக்கும்போது ஒரு சின்ன உலோகக் கை ஜி ஷார்ப் துளையின் மூடியை மேலிருந்து பிடித்து, திறக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் மூடி மயிரிழை தூக்கும். நடுக்குழாயில் ஓட்டை விழுந்த மாதிரிதான், அப்புறம் கீழ் ஸ்வரம் எப்படி நிற்கும்?

சோதிப்பது சுலபம். ஆறு விரலையும் மூடி லோ டி-யை நீட்டி ஊதுங்கள். ஊதிக்கொண்டே இடது சுண்டுவிரலால் ஜி ஷார்ப் சாவியை அழுத்தி அழுத்தி விடுங்கள். நாதத்தில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. நடுங்கினாலோ மேலே தாவினாலோ குற்றவாளி அதுதான்.

அந்த உலோகக் கையின் மேல் ஒரு குட்டித் திருகு இருக்கும். கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். அதிகமாக முடுக்கினால் எஃப் ஷார்ப் மூடி சரியாக மூடாது, கீழே இருக்கிற எல்லா ஸ்வரமும் போய்விடும். பெரும்பாலும் பக்கத்திலேயே இன்னொரு திருகும் இருக்கும். அது பி பிளாட்டுக்கானது, அதைத் தொட வேண்டாம். கை நடுங்கினால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், அவருக்கு ஐந்து நிமிட வேலை.

நானும் இதே ஸ்வரத்துக்கு ஆறு மாதம் மூச்சுப் பயிற்சி செய்தவன்தான். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பெரியவர் என் வாத்தியத்தை வாங்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டரைக்கட்டை:
லோ டி சோதனையில் அப்படியே தாவியது! கால் சுற்றுகூட இல்லை, அதற்கும் குறைவாகத்தான் திருகினேன். இப்போது ரி பாதிக்கு மேல் நிற்கிறது. எட்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதிக்கு என்ன செய்வது?

நீள்மூச்சு:
மீதி நீங்கள் தாடையை இறுக்கிக் கடிப்பதால் வருவது. மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) மட்டும் கழற்றி, வழக்கம்போல் ஊதுங்கள். ஆல்டோவுக்கு ஆறு கட்டை, அதாவது ஏ, அதை ஒட்டி வர வேண்டும். அதைவிட மேலே போனால் தாடை இறுக்கம்.

இரண்டரைக்கட்டை:
ஏறக்குறைய ஏழு கட்டை வருகிறது அக்கா...

நீள்மூச்சு:
நினைத்தேன். ரீடை 2 அல்லது இரண்டரைக்கு மாற்றுங்கள், புண் ஆறும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "ஓ" என்று சொல்லும்போது உதட்டின் ஓரங்கள் எப்படி உள்ளே வருமோ அப்படிச் சுற்றிலும் பிடிக்க வேண்டும். கீழேயிருந்து மேலே அழுத்தக்கூடாது. தொண்டை, கொட்டாவி விடுவதுபோல் திறந்திருக்கட்டும்.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். நடு ஜி-யில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் எட்டு எண்ணிக்கை பிடித்து, அரை அரை ஸ்வரமாக இறங்குங்கள். எது உடைகிறதோ அதற்கு முந்தைய ஸ்வரத்துக்குத் திரும்பி, அங்கே வாய் இருந்த நிலையை மாற்றாமல் விரலை மட்டும் மாற்றுங்கள். நேராக ரி-யில் போய் மோதினால் பழைய இறுக்கம் திரும்ப வந்துவிடும்.

கீழே நன்றாக நின்ற பிறகு இன்னொன்று. லோ பி பிளாட்டையே ச என்று வைத்துக்கொண்டு, அந்த விரலை மாற்றாமலே, தொண்டையும் நாக்கும் மட்டும் வேலை செய்து, மேல் ச, அடுத்து ப, அதற்கும் மேல் ச என்று எடுக்கப் பாருங்கள். முதல் வாரம் பன்றி உறுமுவது மாதிரிதான் இருக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இரண்டரைக்கட்டை:
கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, உதட்டைத் தளர்த்த வேண்டும் என்கிறார்களே, அதையும் சேர்த்தே பழகலாமா?

நீள்மூச்சு:
வேண்டாம். இந்த வாத்தியத்தில் கமகம் வரும் என்று சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் ஊரறியக் காட்டிவிட்டார். அவர் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர், அந்த அசைவு காதில் ஊறியிருந்தது. நமக்கு முதலில் ஸ்வரம் அசையாமல் நிற்கட்டும். நிற்காததை ஆட்டினால் அது கமகம் இல்லை, தடுமாற்றம்.

இரண்டரைக்கட்டை (மூன்று வாரம் கழித்து):
ரீட் இரண்டரை. மவுத்பீஸ் ஆறு கட்டைக்கு இறங்கிவிட்டது. ரி எட்டு எண்ணிக்கை நிற்கிறது. மந்தர நி சத்தமாக ஊதினால் வருகிறது, மெதுவாக என்றால் இன்னும் தாவுகிறது. ஆசிரியரிடம் திருகு விஷயத்தைச் சொன்னேன். அவருடைய சாக்ஸிலும் லோ டி சோதனை செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூடிரைவர் கேட்டார்.

பேண்டுசெட்:
கால் சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள் தம்பி.