கடலூர்க் கடலில் பழகி கோவாவில் நீந்தியவர்களின் கதைகள்

மஞ்சக்குப்பம் மிதிவண்டி:

கோவாவில் அயர்ன்மேன் 70.3 (ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் போட்டி) முடித்துவிட்டு வந்ததிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "எத்தனை மாசம் பிராக்டிஸ் பண்ணினே?" ஏழு மாதம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மொத்தம் 113 கி.மீ. தூரத்துக்கு உடம்பு ஏழு மாதத்தில் பழகிவிட்டது. அங்கே சூரியன் எந்தப் பக்கம் இருக்கும், ரோடு எங்கே மேலே ஏறும், வியர்வை எவ்வளவு போகும் என்பதெல்லாம்தான் என்னைக் கவிழ்த்தன. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

2019 அக்டோபரில் கோவாவில் முதல் முறை நடந்தபோதே எனக்கு ஆசை. அப்புறம் கொரோனாவில் இரண்டு வருஷம் போட்டியே இல்லை. வயது நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பணம் கட்டினேன்.

நீச்சல் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் முட்டாள்தனம் அதிகம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில், தெரிந்த மீனவர் ஒருவரின் ஃபைபர் போட் பக்கத்தில் வர, காலை ஆறு மணிக்குக் கடலில் இறங்குவேன். நமக்குக் கடல் கிழக்கே. உள்ளே போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். திரும்பும்போது கரை பளிச்சென்று தெரியும், விளக்குக் கம்பத்தைக் குறி வைத்து வந்துவிடலாம். இதற்காகவே கறுப்புக் கண்ணாடி வைத்த காகிள்ஸ் வாங்கி வைத்திருந்தேன். கோவா கிளம்பும்போது பெரிய புத்திசாலி மாதிரி யோசித்தேன்: அங்கே கடல் மேற்கே, சூரியன் முதுகுப் பக்கம்தானே இருக்கும், கறுப்புக் கண்ணாடி எதற்கு? வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினேன்.

போகும்போது சுகமோ சுகம். போட்டி நடந்த மிராமர் கடல் அன்று குளம் மாதிரி கிடந்தது. நம்ம ஊரில் கரையோரம் அலையைத் தாண்டுவதற்கே பாதி தெம்பு போய்விடும். அங்கே அந்தச் செலவே இல்லை. மிதவையைச் சுற்றித் திரும்பினேன் பாருங்கள், ஊருக்கு மேலே ஏறிய சூரியன் முகத்துக்கு நேராக நிற்கிறது. அடுத்த மிதவை தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. முன்னால் போனவர் காலைப் பார்த்துக்கொண்டே நீந்தினேன். அவரும் யாரோ ஒருவர் காலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார் போலிருக்கிறது, இரண்டு பேரும் கோடு விட்டு விலகிப் போய், படகில் இருந்தவர் விசில் அடித்துத் திருப்பி விட்டார். நீச்சலுக்குக் கட்-ஆஃப் (முடிக்க வேண்டிய கடைசி நேரம்) 1 மணி 10 நிமிடம். நான் வெளியே வந்தது 1 மணி 4 நிமிடத்தில். சில்வர் பீச்சில் அதே தூரத்தை 52 நிமிடத்தில் முடித்தவன்.

சைக்கிளும் ஓட்டமும் அப்புறம். முதலில் மற்றவர்கள் எழுதுங்கள்.

லாஸ்பேட்டை காற்றாடி:

அண்ணே, அந்த 52 நிமிடத்தில் நீரோட்டத்துக்கும் பங்கு இருக்கும். வருஷத்தில் பெரும்பகுதி நம்ம கரையோரம் தண்ணீர் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தெற்கே. இழுப்போடு நீந்திவிட்டுக் கரையோரமாக நடந்து திரும்பி வந்தால் எல்லோரும் சாம்பியன்தான். (கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.)

என் கதை ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. பாண்டியிலிருந்து கோட்டக்குப்பம், காலாப்பட்டு வழியாக மரக்காணம் சுமார் 35 கி.மீ. அதைத் தாண்டி இன்னொரு பத்து போய்த் திரும்பினால் சரியாக 90. தட்டை ரோடு. தட்டை ரோடு என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் மே மாதத்தில் ஒரு நாள் என்னோடு வரட்டும். விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், சைக்கிளுக்குப் பக்கவாட்டில் லேசாகத் தட்டும், அவ்வளவுதான். மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது மணி எட்டு. "இன்னிக்கு 32 வேகம் போகுதே" என்று மனசு துள்ளும். திரும்பும்போது தரை சூடாகி, கடல் காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பி முகத்தில் அறையும். அதே கால், அதே சைக்கிள், வேகம் 23. உப்பளம் பக்கம் மறைக்க மரமோ கட்டடமோ கிடையாது. மார்கழியில் எல்லாம் தலைகீழ்: வாடை அடிப்பதால் போகும்போது அழுகை, வரும்போது சிரிப்பு. நான் அதைத்தான் விரும்புவேன், வீட்டுப் பக்கம் முதுகில் காற்று இருந்தால் மனிதன் கொஞ்சம் நல்லவனாக இருக்கிறான்.

இதில் கற்றுக்கொண்டது ஒன்று. வேகத்தைப் பார்த்து மிதிக்கக் கூடாது. எதிர்காற்றில் 30-ஐ விடக் கூடாது என்று மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்தால் தொடை இரண்டும் கல். மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் வாங்க வசதி இல்லாதவன் நான், அதனால் மூச்சைத்தான் வைத்துக்கொண்டேன்: ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதி. ஒரே வாக்கியம்தான், "எம்மா, இன்னும் எவ்ளோ தூரம்டா" என்பது.

பஞ்சர் விஷயமும் சொல்ல வேண்டும். கடலூர் பக்கம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியக்கோயிலில் ரோட்டோரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். பாண்டி-கடலூர் எல்லைப் பகுதி. சனிக்கிழமை ராத்திரிக் கொண்டாட்டம் எல்லாம் கண்ணாடித் துண்டாகக் கிடக்கும். ஒரே காலையில் இரண்டு டியூப் போனது, கையில் இருந்தது ஒன்று. தவளக்குப்பம் வரை தள்ளிக்கொண்டே நடந்தேன். வழியில் டீக்கடைத் தாத்தா ஒருவர், "இவ்ளோ வெல குடுத்து வாங்குன சைக்கிள நீ ஏம்பா தள்ற, அது இல்ல உன்ன தூக்கிக்கிட்டுப் போகணும்" என்றார்.

கோட்டக்குப்பம் அக்கா:

சிரித்து முடித்தேன். நான் இன்னும் போட்டிக்குப் போகவில்லை, வருகிற சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். நீச்சல் பயம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நீச்சல் குளத்தில் 2 கி.மீ. அலட்டிக்கொள்ளாமல் போவேன். முதன்முதலாகப் பாண்டி பக்கம் நல்லவாட்டில் கடலில் இறங்கியபோது ஐம்பது மீட்டரில் நெஞ்சு அடைத்துவிட்டது. குளத்தில் அடியில் கோடு தெரியும், சுவரைத் தொட்டு மூச்சு வாங்கலாம். கடலில் கீழே கலங்கல் பச்சை மட்டும்தான். நம்ம கடலிலும் சரி, கோவாவிலும் சரி, தண்ணீர் வெதுவெதுப்பு. வெட்சூட் (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) போட்டுக்கொண்டு மிதக்கலாம் என்ற கனவெல்லாம் வேண்டாம், தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதைப் போட்டு நீந்துபவருக்குப் பரிசுப் பட்டியலிலேயே இடம் கிடையாது. உடம்பு தானாக மிதக்கப் பழகத்தான் வேண்டும்.

அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏம்மா, கடல்ல எறங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. கையை நீட்டிக் காட்டினார். எல்லா இடத்திலும் அலை உடைந்து நுரை வருகிறது, ஒரு இடத்தில் மட்டும் உடையாமல், நிறம் கொஞ்சம் கறுத்து, அமைதியாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் அலை இல்லையே என்று இறங்குவார்களாம். தண்ணீர் உள்ளே திரும்பிப் போகிற வாய்க்கால் அது. "உள்ள இழுத்தா கரையப் பாத்து நீந்தாதம்மா, செத்துருவ. கரையோரமாவே பக்கவாட்டுல போ, இழுப்பு விட்டதும் திரும்பு." இதை எந்தக் கோச்சும் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதிலிருந்து அவருடைய மகன் கட்டுமரத்தில் கூட வராமல் நான் இறங்குவதில்லை. கிளம்புவதற்கு முன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர எச்சரிக்கையையும் பார்த்துவிடுவேன். பாண்டி காந்தி சிலைப் பக்கம் இறங்கலாமா என்று ஒரு பையன் தனியாகக் கேட்டான். வேண்டாம் தம்பி. பாறையும் இழுப்பும் சேர்ந்த இடம், போலீஸ்காரர் விசிலுக்கு வேலை வைக்காதே.

சொறி (ஜெல்லி மீன்) கடித்த கதையும் உண்டு. முழங்கையில் சாட்டையால் அடித்த மாதிரி கோடு. பதறிப்போய் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன், பெரியவர் தட்டிவிட்டார். நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொடுக்கு இன்னும் விஷத்தைக் கக்குமாம். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருந்த இழையை எடுத்துவிட்டு, வீட்டில் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தேன். அம்மாவிடம் பூச்சிக்கடி என்று சொல்லியிருக்கிறேன். அம்மா இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பண்ருட்டி பலாச்சுளை:

சாப்பாடு பற்றி யாருமே பேசவில்லையே! 90 கி.மீ.க்கு என்ன எடுத்துப் போகிறீர்கள்? நான் எங்கள் ஊர்ப் பெருமையைக் காப்பாற்ற பலாச்சுளை எடுத்துப் போனேன். விவரம் கேட்காதீர்கள். நெய்வேலி வருவதற்குள் சைக்கிளை முந்திரித் தோப்பில் சாய்த்துவிட்டு ஓட வேண்டியதாகிவிட்டது.

பீச் ரோடு ஏழு சுற்று:

பலாச்சுளை அண்ணனுக்கு வணக்கம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. நான் பேரீச்சம்பழம், வாழைப்பழம், சர்க்கரை கரைத்த தண்ணீர் என்று பிரித்து வைத்துக்கொள்வேன். கடலை மிட்டாய் முதல் ஒரு மணி நேரம் ருசி, வெயில் ஏறினால் வாயில் சிமெண்ட். எதுவானாலும் போட்டி அன்று புதிதாகச் சாப்பிடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது தண்ணீர். பாண்டி பீச் ரோட்டில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் அங்கேதான் நீண்ட ஓட்டம். டூப்ளே சிலையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர்கூட முழுசாக வராது; 21 ஓட வேண்டுமென்றால் ஏழெட்டு முறை. வாக்கிங் வருகிற பெரியவர்கள் மூன்றாவது சுற்றில் சிரிப்பார்கள், ஐந்தாவதில் பரிதாபப்படுவார்கள்.

ஒரு ஏப்ரல் ஞாயிறு. 60 கி.மீ. சைக்கிள் முடித்து உடனே ஓட்டம். நீர்ச்சத்துக் குறையக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் அரை லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது சுற்றில் விரல் வீங்கி மோதிரம் இறுகியது. தலைவலி, குமட்டல். இன்னும் தண்ணீர் குறைவு போலிருக்கிறது என்று மேலும் குடித்தேன். பிரெஞ்சுப் போர் நினைவிடம் எதிரே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, சோடியம் இறங்கியிருக்கிறது என்றார்கள். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கிறது, நான் வெறும் தண்ணீரை ஊற்றி மிச்சத்தையும் நீர்க்க வைத்திருக்கிறேன். டாக்டர் என் மனைவியிடம், "இவர் தாகத்துல விழல, தண்ணி குடிச்சே விழுந்திருக்கார்" என்றார். வீட்டில் இன்னும் அந்த வசனம் ஓடுகிறது.

அதற்குப் பிறகு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எனக்கு நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் போகிறது. அவ்வளவையும் திருப்பி ஊற்ற வயிறு இடம் கொடுக்காது, பாதிக்குக் கொஞ்சம் மேல், அதுவும் உப்போடு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுக்கொள்கிறேன். எடை கூடி வந்தால் அதிகமாகக் குடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பம் மிதிவண்டி:

இதைத்தான் எதிர்பார்த்தேன். சைக்கிள் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காற்றாடித் தம்பி சொன்ன தட்டை ரோடுதான் எனக்கும் பழக்கம். கோவாவில் ரோடு ஏறி இறங்கும், அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் அதே ஏற்றம். முன்னால் போகிறவரிடமிருந்து 12 மீட்டர் தள்ளித்தான் வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் தண்டனை. நம்ம ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒட்டிக்கொண்டே ஓட்டிப் பழகியவனுக்கு இது தனி வேதனை.

ஏற்றத்துக்கு நம்ம ஊரில் இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். கோவா ஏற்றங்களைக் காணொளியில் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு மாதம் திருவந்திபுரம் பக்கமிருந்து மேலே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு காலைக்குப் பத்து முறை. செம்மண் மேடு, இரண்டு பக்கமும் முந்திரி. நீளம் போதாது, ஆனால் உட்கார்ந்தபடியே லேசான கியரில் ஏறப் பழகியது அங்கேதான். அதையும் ஒரு நாள் கெடுத்துக்கொண்டேன். முகூர்த்த நாள் என்று தெரியாமல் போய்விட்டேன். தேவநாத சுவாமி கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இறக்கத்தில் வருகிறேன், ரோடு முழுக்க வேன், மாலை, நாதஸ்வரம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் ஹெல்மெட்டையும் இறுக்கமான உடுப்பையும் பார்த்துவிட்டு, "தம்பி பொண்ணு வீடா?" என்றார். பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பொங்கல் நன்றாக இருந்தது. அன்று பதினோராவது ஏற்றம் இல்லை.

அக்டோபர் பிறந்ததும் நமக்கு மழை பயம். கடைசி நீண்ட பயிற்சியை மாதத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் கெடிலம் ஆற்றில் தண்ணீர் பார்க்கலாமே தவிர சைக்கிள் ஓட்ட முடியாது. கோவாவில் அந்தச் சமயம் தென்மேற்கு மழை விடைபெற்றிருக்கும், ஆனால் புழுக்கம் அப்படியே இருக்கும். ஓட்டத்தில் எனக்குக் கை கொடுத்தது அது ஒன்றுதான்: வடக்கே இருந்து வந்தவர்கள் வெயிலில் வாடி நடந்தபோது, இது நம்ம மே மாத மஞ்சக்குப்பம்தானே என்று ஓடினேன். மொத்தப் போட்டிக்கும் கட்-ஆஃப் 8 மணி 30 நிமிடம். முடித்தது 7 மணி 48.

அக்காவின் மீனவர் ஐயாவைச் சில்வர் பீச்சுக்கு ஒரு நாள் அழைத்து வர முடியுமா? எங்கள் ஆட்கள் ஆறேழு பேர் கடல் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கோட்டக்குப்பம் அக்கா:

கேட்டுச் சொல்கிறேன். "அவங்க ஊர்க் கடல அவங்க ஊர் ஆளுங்ககிட்ட கேக்கச் சொல்லு" என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஏற்றம் பழக நானும் வருகிறேன், என்றைக்கு?

மஞ்சக்குப்பம் மிதிவண்டி:

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை, கேப்பர் மலை அடிவாரம். முகூர்த்தம் இல்லை, காலண்டர் பார்த்துவிட்டேன்.

பண்ருட்டி பலாச்சுளை:

முகூர்த்தம் இருக்கிற ஞாயிறாகப் பார்த்து மாற்ற முடியுமா?