கோலின் முனையில் மோதும் களிமண் உருண்டை: விடை 1.43ஆ, 2ஆ?

மாலைவகுப்பு:
1.2 கிலோகிராம் நிறையும் 1 மீட்டர் நீளமும் உடைய சீரான கோலின் முனையில், 0.1 கிலோகிராம் களிமண் உருண்டை, கோலுக்குச் செங்குத்தாக நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதி ஒட்டிக்கொள்கிறது. உந்தம் மாறாது என்று வைத்துப் போட்டால் கோணத் திசைவேகம் நொடிக்கு 1.43 ரேடியன் வருகிறது. விடைத்தாளிலோ 2 என்று இருக்கிறது. நாளை தேர்வு, விரைந்து உதவுங்கள்.

திருகாணி:
கோல் மேல்முனையில் கீலில் தொங்குகிறதா, உராய்வற்ற மேசைமேல் கிடக்கிறதா? மேசை என்றால் 2 வராது, 3.75 வரும்.

ஆற்றல்பித்தன்:
எந்தக் கணக்கையும் ஆற்றலில் தொடங்குங்கள் என்று இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். உருண்டையின் 5 ஜூல் இயக்க ஆற்றலைக் கோலின் சுழற்சி இயக்க ஆற்றலுக்குச் சமப்படுத்தினால் போதும்.

திருகாணி:
போதாது ஐயா, 4.47 வரும். இது முழு மீட்சியற்ற மோதல்; விடை 2 என்றால் எஞ்சுவது 1 ஜூல்தான், மற்ற 4 ஜூல் களிமண் நசுங்குவதிலேயே போய்விடுகிறது.

பழையவாத்தியார்:
படத்தைப் பார்க்காமல் கணக்குப் போடுவோரும், பாடத்தைப் பார்க்காமல் பதில் போடுவோரும் பெருகிவிட்டனர். விடை 2 என்றாலே கீல் உண்டு என்று தெரிய வேண்டாமா? மோதும் கணத்தில் கீலும் கோலின்மீது ஒரு கணத்தாக்கைச் செலுத்துவதால் நேர்கோட்டு உந்தம் மாறிவிடும். ஆனால் அந்த விசை கீல் வழியாகவே செல்வதால் கீலைப் பொறுத்து அதற்குத் திருப்பு விசை இல்லை, எனவே கோண உந்தம் மாறாது. மோதலுக்கு முன் அது 0.1 × 10 × 1 = 1. நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழல வைப்பதற்கு உள்ள தடை, கோலுக்கு 1.2 × 1² ÷ 3 = 0.4, உருண்டைக்கு 0.1 × 1² = 0.1, ஆக 0.5. வகுத்துக்கொள்ளத் தெரியும் என்று நம்புகிறேன்.

கல்லூரணி:
வாத்தியார் சொல்லாமல் விட்ட சுவையான செய்தி ஒன்று உண்டு. மோதலுக்குப் பின் நேர்கோட்டு உந்தம் (1.2 × 0.5 + 0.1 × 1) × 2 = 0.7 × 2 = 1.4, அதாவது முன்பிருந்த 1ஐ விட அதிகம். முனையில் அடிபட்ட கோலின் மேல்நுனி பின்னோக்கிப் போகப் பார்க்கிறது. கீல் அதை முன்னோக்கித் தள்ளித் தடுப்பதால்தான் இந்தக் கூடுதல். உருண்டை கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் பட்டால் கீலுக்கு வேலையே இல்லை. அங்கே இரண்டு உந்தங்களும் மாறாமல் இருக்கும், கோணத் திசைவேகம் 1.5. கிரிக்கெட் மட்டையின் நடுப்பகுதியில் பந்து பட்டால் கை அதிராததும் இதனால்தான்.

திருகாணி:
மட்டை சீரான கோலும் அன்று, பிடித்திருக்கும் கை கீலும் அன்று. கை அதிராமைக்கு மட்டையின் அதிர்வுக் கணுவுக்கு (மட்டை அதிரும்போதும் அசையாத புள்ளிக்கு) அருகில் பந்து படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கல்லூரணி:
மூன்றில் இரண்டு என்ற அளவு மட்டைக்குப் பொருந்தும் என்று நான் எழுதவில்லையே, காரணத்தை மட்டுமே சொன்னேன்.

பழையவாத்தியார்:
"இதனால்தான்" என்று எழுதிவிட்டு இப்படிச் சொல்லலாகாது.

மாலைவகுப்பு:
படத்தில் கீல் இருக்கிறது. 2 வந்துவிட்டது, நன்றி.

ஆற்றல்பித்தன்:
மோதல் முடிந்த பிறகு கோல் எவ்வளவு உயரம் எழும் என்று கேட்டால் ஆற்றலிடம்தான் வர வேண்டும், அந்த 1 ஜூலிலிருந்து தொடங்கி.