ராமென் நூடுல்ஸின் மஞ்சள் நிறம்: முட்டையா, காரமா?

பசுண்டாங் அண்ணன்:
ரங்கூன் டவுனில் புதிதாகத் திறந்த ராமென் (எலும்புச் சாறில் போட்ட ஜப்பானிய நூடுல்ஸ்) கடையைப் பற்றி பெகுக்காரன் நேற்று எழுதியது: "இதுவும் தேங்காய்ப்பால்ல செய்யுற நம்ம பர்மா ஓனோ கௌசுவே மாதிரி முட்டை நூடுல்ஸ்தான், நிறத்தைப் பார்த்தாலே தெரியுது. தேங்காய்ப்பாலுக்குப் பதில் எலும்புச் சாறு, அவ்வளவுதான்." தெரியாததை இப்படி அடித்துச் சொன்னால் எரிச்சல் வராதா? அந்த மஞ்சள் காரத்தால் வருவது. மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான கார உப்பு. ஜப்பான்காரர்கள் கான்சுயி என்பார்கள். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் உப்புகள். 100 கிராம் மைதாவுக்கு 1 கிராம் போதும். தண்ணீரில் கரைத்து மாவில் விட்டால், மைதாவுக்குள் நிறமில்லாமல் கிடக்கும் சத்து மஞ்சளாகிவிடும். பிசையும்போதே கண்ணால் பார்க்கலாம்.

பெகுக்காரன்:
முட்டை போட்டா மஞ்சளாகும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அண்ணே. துணி சோடாவை மாவுல கொட்டுறாங்கன்னு கதை விடாதீங்க.

பசுண்டாங் அண்ணன்:
துணி சோடா என்று நான் எங்கே சொன்னேன்? அப்பளத்துக்குப் போடும் காரமும் இந்த இனம்தான், அதைத் தின்னவில்லையா? கான்சுயி கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவைத் தட்டில் பரப்பி 120 டிகிரி சூட்டில் 1 மணி நேரம் வைக்கிறார்கள். முழுதாக மாறினால் 100 கிராம் 63 கிராமாக இளைக்கும். கையில் படாமல் எடுக்கணும், அரிக்கும். காரம் மாவின் பசையை இறுக்குகிறது. அதனால்தான் சூடான சாறில் கிடந்தும் நூடுல்ஸ் சட்டென்று குழைவதில்லை. முட்டை மட்டும் போட்டால் அந்த இழுவை வராது.

சிரியம் தம்பி:
மஞ்சள்தூளா இருக்குமோ?

மொகல் தெரு அக்கா:
ஆரத்தி கரைச்சதே இல்லையா தம்பி? மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டால் செக்கச்செவேல்னு ஆகும். காரம் போட்ட மாவுக்கும் அதே கதி. அதை விடுங்க. சாறு வெள்ளையா இருக்கேன்னு பால் ஊத்துறாங்கன்னு போன வாரம் ஒருத்தர் எழுதினாரே, அதுதான் எனக்கு ஆறலை. பன்றி எலும்பை ஊறவச்சு ரத்தம் போக்கி, ஒரு கொதி விட்டு அந்த அழுக்குத் தண்ணியைக் கொட்டி, எலும்பைத் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணியில் 12 மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடணும். எலும்புப் பசை கரைஞ்சு கொழுப்பைத் தண்ணியோட சேர்த்துப் பிடிக்குது, அதான் பால் நிறம். சிறுதீயில் வச்சா சாறு தெளிவாத்தான் நிற்கும். உப்பையும் அண்டாவில் போட மாட்டாங்க. கிண்ணத்தைச் சுடுதண்ணியில் சூடாக்கி, 30 மில்லி தாரே, அதாவது உப்புச் சுவை தரும் கெட்டிச் சாறு விட்டு, மேல 300 மில்லி சாறு. ஆறின கிண்ணத்தில் ஊத்தினா கொழுப்பு திரைஞ்சு நாக்கில் ஒட்டும்.

சிரியம் தம்பி:
நான் கேட்டதே வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்காதவங்களுக்காகத்தான் அக்கா.

மொகல் தெரு அக்கா:
12 மணி நேரம் எலும்பு வெந்த சாறைக் குடிக்கிறவங்களுக்கு முட்டையில் என்ன விரதம்?

பெகுக்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. ஜப்பான்ல ஹகாத்தா ஊர் ராமென் நூடுல்ஸ் வெளுப்பா இருக்கே, அதுல உங்க காரம் எங்க போச்சு? சப்போரோ ஊர் நூடுல்ஸ் நல்ல மஞ்சள், அதுல முட்டை சேர்க்கிறவங்க உண்டு. முட்டைதான்.

பசுண்டாங் அண்ணன்:
ஹகாத்தாவிலும் காரம் உண்டு, அளவு கம்மி, மஞ்சளும் கம்மி. 100 கிராம் மாவுக்கு 30 கிராம் தண்ணீர்கூட விடமாட்டார்கள். நூல் மெல்லிசு, 45 வினாடியில் வெந்துவிடும். படம் எடுத்துக்கொண்டு 5 நிமிஷம் உட்கார்ந்தால் ஊறிப்போய்விடும். பிறகு கடைக்காரனைத் திட்டுவது என்ன நியாயம்? சப்போரோவில் முட்டை சேர்க்கிறவர்களும் காரத்தை விடுவதில்லை. காரம் இல்லாமல் ராமென் இல்லை.

சிரியம் தம்பி:
சென்னை பர்மா பஜார்ல அத்தோ நூடுல்ஸ் ஆரஞ்சா இருக்கே, அதுவும் காரமா?

பசுண்டாங் அண்ணன்:
அது கலர்ப்பொடி. அதை பர்மா சாப்பாடு என்று இங்கே கொண்டுவராதீர்கள்.

மொகல் தெரு அக்கா:
அது தப்பு அண்ணே. 60களில் இங்கேயிருந்து எல்லாத்தையும் விட்டுட்டுப் போன நம்ம சனம் பிழைக்கப் போட்ட கடைங்க அது. பேர்கூட பர்மிய மொழியில் கலவைக்குச் சொல்ற அதோக்தான், இழுத்து அத்தோ ஆச்சு. கலரை வச்சு அவங்களைத் தள்ளிவைக்க நீங்க யாரு?

பெகுக்காரன்:
அண்ணனுக்கு எப்பவும் இதே வேலை. மொய்ங்காவுக்கு (பர்மா மீன் சாறு நூடுல்ஸ்) வாழைத்தண்டு கட்டாயமான்னு பேச்சு வந்தப்பவும் 40 தடவை எழுதி எல்லார் வாயையும் அடைச்சாரு.

பசுண்டாங் அண்ணன்:
வாழைத்தண்டு கட்டாயம்தான், இப்போதும் சொல்வேன். ராமெனுக்கு வாருங்கள். மைதாவை இரண்டு பங்காக்கி ஒன்றில் முட்டை, ஒன்றில் 1 சதவீதம் காரம் போட்டுப் பிசையுங்கள். இரண்டையும் வேகவைத்து மோந்து பாருங்கள். சோப்பு மாதிரி லேசான நெடி எதில் வருகிறதோ, அதே நெடிதான் ராமென் நூடுல்ஸிலும்.

பெகுக்காரன்:
அந்தக் கடை அடுப்படிக்குள்ள போய்ப் பாத்தீங்களா? இல்லையே. அப்போ முட்டைதான்.

பசுண்டாங் அண்ணன்:
நீங்கள் பார்த்தீர்களா? காரம்தான்.