லாரி இன்சூரன்ஸ்: இரண்டு ஏஜென்சிக்குள்ள ரெஃபரல் பங்கு எப்படி வைக்கலாம்?

தண்டையார்பேட்டை_ஏஜென்ட்:
வணக்கம். ஒரு பொது இன்சூரன்ஸ் கம்பெனியில எனக்கு ஏஜென்சி கோடு இருக்கு. துறைமுகத்துக்கு ஓடுற டிரெய்லர், மணலி டேங்கர்தான் அதிகம் வருது. பழைய வண்டிக்கு எங்க கம்பெனி ஓடி (வண்டியோட சொந்தச் சேதத்துக்கான கவர்) தர மறுக்குது. அதையெல்லாம் மாதவரத்துல புரோக்கர்கிட்ட பிஓஎஸ் (அவர் கீழ பாலிசி விக்கிற ஆள்) கோடு வச்சிருக்கிற நண்பருக்கு அனுப்பலாம்னு யோசனை. பில் தொகையில 10% தர்றேன்கிறார். எழுத்துல எப்படிப் போடுறது?

ராயபுரம்_மோட்டார்:
எழுத்துல போடுறதுக்கு முன்னாடி, வாங்கலாமான்னு பாருங்க சார். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 40: பிசினஸ் பிடிச்சுக் கொடுத்ததுக்கு ஏஜென்ட் அல்லது இடைத்தரகர் தவிர யாருக்கும் கமிஷனாவோ வேற பேர்லயோ பணம் தரக்கூடாது, அவங்களுக்கும் விதிமுறையில சொன்ன வழியிலதான் தரணும். நீங்க ஏஜென்ட்தான், ஆனா உங்க கம்பெனிக்கு மட்டும். அந்தப் புரோக்கர் போடுற பாலிசிக்கு நீங்க வெளியாள். ஜிபேல வந்தாலும் கையில வந்தாலும் அது கணக்குல நிக்காது. "ஆபீஸ் உதவிக் கட்டணம்"னு பில் போட்டாலும், பாலிசிக்கு இவ்வளவுன்னு கட்டிட்டா அது கமிஷன்தான்.

லாரி ஓனருக்கு அதுல கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிற எண்ணமும் வேண்டாம். பிரிவு 41-ல அபராதம் 10 லட்சம் வரைக்கும். புரோபோசல் ஃபார்ம்லயே அச்சடிச்சிருக்கும்.

எண்ணூர்_கணக்கு:
சட்டத்தைத் தள்ளி வச்சுட்டுப் பார்த்தாலும் அந்த 10% கணக்கே உதைக்குது. 40 டன்னுக்கு மேல உள்ள சரக்கு வண்டிக்கு 2022 அறிவிப்புப்படி டிபி (மூணாம் நபர் இழப்புக்கான கவர்) பிரீமியம் ரூ.44,242. ஓடி ரூ.30,000னு வச்சுக்கோங்க. நெட் ரூ.74,242. ஓடிக்கு 18%, டிபிக்கு 5% ஜிஎஸ்டி சேர்த்தா பில் ரூ.81,854. அதுல 10% ரூ.8,185. ஓடிக்கு 15%, டிபிக்கு 2.5%ன்னு கமிஷன் வந்தா மொத்தமே ரூ.5,606தான்! 2023 ஏப்ரலுக்கு அப்புறம் கமிஷனை அந்தந்தக் கம்பெனி போர்டே முடிவு பண்ணுது. வண்டி வயசு, மாடல் பார்த்து மாறும். அதனால எந்தப் பங்கு பேசினாலும் ஜிஎஸ்டி இல்லாத நெட்ல, ஓடி தனி, டிபி தனின்னு பேசணும். பில் தொகையில பேசினா சண்டைதான்.

தண்டையார்பேட்டை_ஏஜென்ட்:
அப்போ நேர் வழி என்ன? வீட்டம்மா பேர்ல பிஓஎஸ் எடுத்தா?

ராயபுரம்_மோட்டார்:
அவங்களே வாடிக்கையாளர்கிட்ட பேசி, லாகின் போட்டு, ரினீவல் பார்க்கிறதா இருந்தா தாராளமா எடுக்கலாம். பத்தாவது பாஸ், 15 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, பான் கார்டு. பேர் மட்டும் அவங்களது, வேலை உங்களதுன்னா அது பினாமி கோடு; புகார் வந்தா ரெண்டு பேர் கோடும் போகும். நீங்களே பிஓஎஸ் ஆகணும்னா, இப்ப உள்ள ஏஜென்சியை விட்டு என்ஓசி வாங்கின பிறகுதான்.

கோடு வந்துட்டா நண்பர் கையிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம். புரோக்கரே கோடுவாரியா டிடிஎஸ் பிடிச்சு வங்கியில போடுவார். ஸ்டேட்மென்ட்ல பாலிசி நம்பரோட இருக்கும். செக் திரும்பி பாலிசி ரத்தானா கமிஷனைத் திருப்பிப் பிடிப்பாங்க, அதையும் பேசி வச்சுக்கோங்க.

நீங்க அனுப்ப நினைக்கிறதுல ஹெல்த், லைஃப் இருந்தா ரெஃபரலே தேவையில்ல. ஒரே ஆள் லைஃப் ஒண்ணு, ஜெனரல் ஒண்ணு, ஹெல்த் ஒண்ணுன்னு மூணு கம்பெனிக்கு ஏஜென்டா இருக்கலாம்.

காசிமேடு_கிளெய்ம்:
பணத்தைப் பேசிட்டீங்க, வேலையை யாரும் பேசல. ரெண்டு பேர் கை மாறுற ஃபைல்ல கிளெய்ம் சிக்குற இடம் ஐஎம்டி 23ங்கிற கூடுதல் கவர். டயர், மட்கார்டு, பானட், ஹெட்லைட் சேதம் வணிக வண்டிக்கு அது போட்டாத்தான் கிடைக்கும். அனுப்பினவர் "அவர் கேட்பார்"ன்னு இருப்பார், போட்டவர் பிரீமியத்தைக் குறைக்க விட்டுடுவார். எண்ணூர் ரோட்டுல முன்பக்கம் இடிச்ச வண்டிக்கு ஓனர் கைக்காசு போடணும்.

என்சிபியும் (கிளெய்ம் வாங்காததுக்கான பிரீமியம் தள்ளுபடி) அப்படித்தான். பழைய பாலிசி நகல் பார்க்காம 50%ன்னு போட்டு, போன வருஷம் கிளெய்ம் வாங்கினது தெரிஞ்சா ஓடி கிளெய்மே நின்னுடும். டேங்கரா இருந்தா டிரைவர் லைசென்ஸ்ல அபாயகரப் பொருள் அனுமதி இருக்கான்னு பார்க்கணும். பாலிசி லாப்ஸ் ஆகியிருந்தா ஓடிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போட்டோ முடிஞ்ச பிறகுதான் பணம் கட்டச் சொல்லுங்க. மொபைல் நம்பர் ஓனரோடதுதான் இருக்கணும். ஆர்சி நகலை வாட்ஸ்அப்ல இன்னொரு ஆபீசுக்குத் தட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு சம்மத மெசேஜ் வாங்கிடுங்க.