லோனோடு ஒட்டி வந்த இன்சூரன்ஸை ரத்து செய்தல்: அனுபவப் பகிர்வு

கணக்குப்பிள்ளை

பெர்சனல் லோன் எடுத்தவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது கேஎஃப்எஸ் என்கிற முக்கிய விவரத் தாள். 1.10.2024 முதல் அனுமதியாகும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் வங்கியோ என்பிஎஃப்சியோ (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. இன்சூரன்ஸ் மாதிரி மூன்றாம் ஆளுக்காகப் பிடிக்கும் தொகையும் அதில் வர வேண்டும், ஏபிஆர் (கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டி விகிதம்) கணக்கிலும் சேர வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது.

பிரீமியம் இரண்டு விதமாகப் போகும். 5 லட்சம் லோனுக்கு 15,000 பிரீமியம் என்றால், கைக்கு 4,85,000 வரும். அல்லது லோனே 5,15,000 ஆகிவிடும். இரண்டிலும் அந்த 15,000-க்கு வட்டி ஓடும். 14 சதவீதம், 60 மாதம் என்று போட்டால் இஎம்ஐயில் அதன் பங்கு சுமார் 349 ரூபாய். கடைசியில் கட்டியிருப்பது ஏறக்குறைய 20,940. ‘சின்னத் தொகைதானே சார்’ என்று விற்பவர் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. ஒரே லோனில் இரண்டு மூன்று பாலிசி ஒளிந்திருக்கும்: உயிர் காப்பீடு ஒன்று, வேலை போனால் இஎம்ஐ கட்டும் காப்பீடு ஒன்று, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நாள்படி தரும் காப்பீடு ஒன்று. கம்பெனிகளும் வேறு வேறாக இருக்கலாம். ஒன்றுக்குக் கடிதம் கொடுத்தால் மற்றது தானாகப் போகாது.

பாலிசி பாண்டியன்

பிள்ளைவாள் சொன்னதோடு சேர்த்து: ரத்து செய்வது வங்கி இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. வங்கிக் கிளையில் வாயால் சொல்லிவிட்டு வருவதில்தான் முக்கால்வாசிப் பேருக்கு 30 நாள் ஓடிப்போகிறது. அந்த 30 நாள்தான் ‘ஃப்ரீ லுக்’, அதாவது பாலிசியைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கும் காலம். பாலிசி கையில் கிடைத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், லோன் வந்த தேதியிலிருந்து இல்லை. முன்பு 15 நாளாக இருந்தது, 2024-ல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) 30 ஆக்கியது.

லோன் இன்சூரன்ஸ் பெரும்பாலும் குரூப் பாலிசி. மாஸ்டர் பாலிசி வங்கி பெயரில் இருக்கும், உங்களுக்கு வருவது ‘சர்டிஃபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ்’ மட்டும். அதிலேயே ஃப்ரீ லுக் பகுதி இருக்கும், படியுங்கள். கடிதத்தில் சர்டிஃபிகேட் எண், லோன் எண், கிடைத்த தேதி, ‘ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து கேட்கிறேன்’ என்ற ஒரு வரி, கையெழுத்து. கூடவே கேன்சல்டு செக், அடையாள அட்டை நகல். கம்பெனியின் வாடிக்கையாளர் மெயிலுக்கு அனுப்பி, வங்கிக்கு நகல் போடுங்கள். கிளையில் கொடுத்தால் சீல், தேதியோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். ‘வங்கி வழியாகத்தான் வர வேண்டும்’ என்று கம்பெனி திருப்பினால், அதையும் மெயிலில் சொல்லச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

கோளாறு எங்கே வரும் என்றால், ஏஜென்ட் தன் மெயில் ஐடியையோ தப்பான ஐடியையோ போட்டிருப்பார். பாலிசி அங்கே போய்க் கிடக்கும். கம்பெனி ‘அனுப்பிவிட்டோம்’ என்றால், எந்த ஐடிக்கு, எந்தத் தேதியில் என்று ஆதாரம் கேளுங்கள்.

திரும்பி வருவது முழுத் தொகை இல்லை. காப்பீடு இருந்த நாள்களுக்கான பங்கு, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு ஆகியவை கழியும். ‘ஸ்கீம்படி 5,000 பிடிப்போம்’ என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்கலாம்.

பாலிசியைத் தனிப் பெயரில் போட்டு வங்கிக்கு அசைன் செய்திருந்தால் (பாலிசி உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால்) கதை வேறு. வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் கம்பெனி கை வைக்காது. அதை முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும்.

வெள்ளலூர் வாசகி

30 நாள் தாண்டிவிட்டால் என்ன செய்வது அண்ணா? அதோடு, கட்டாயம் என்று சொல்லித்தானே போடுகிறார்கள்?

பாலிசி பாண்டியன்

லோனுக்கு உயிர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எங்கும் சொல்லவில்லை தங்கச்சி. வீட்டுக் கடனில் கட்டடத்துக்குத் தீ விபத்துக் காப்பீடு கேட்பது வேறு விஷயம், அதில் நியாயம் உண்டு. சாங்ஷன் லெட்டரில் (கடன் அனுமதிக் கடிதம்) ‘இன்சூரன்ஸ் எடுத்ததால் வட்டிச் சலுகை’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரத்துக்குப் பிறகு வட்டி ஏறலாம். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

30 நாளுக்குப் பிறகு உயிர் காப்பீட்டில் மிஞ்சுவது சரண்டர், அதாவது பாலிசியைப் பாதியில் ஒப்படைத்து வருகிற தொகையை வாங்கிக்கொள்வது. சூத்திரம் சர்டிஃபிகேட்டிலோ மாஸ்டர் பாலிசியிலோ இருக்கும்: மீதிக் காலம், மீதிக் காப்புத் தொகை, கட்டிய பிரீமியத்தில் ஒரு பங்கு, இப்படிப் போகும். ஆரம்பத்தில் கேட்டால் கொஞ்சம் வரும், தள்ளத் தள்ளத் தேயும். ஏமாற்றி விற்றார்கள் என்றால் அது தனிப் புகார், ஃப்ரீ லுக்கோடு குழப்ப வேண்டாம். சம்மதம் கொடுத்த ஓடிபி பதிவு, வெரிஃபிகேஷன் போன் பதிவு இரண்டையும் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

பணம் எங்கே வந்து விழுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. சேமிப்புக் கணக்குக்கு வந்தால் லோனில் அந்த 15,000 அப்படியே நிற்கும், வட்டி ஓடும். அந்தப் பணத்தை நீங்களாக லோன் அசலில் முன்கூட்டியே கட்ட வேண்டும் (பகுதி முன்கட்டணம்). நிலையான வட்டி லோனில் அதற்கு அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். லோன் கணக்குக்கே வந்தால், சில இடங்களில் அசலில் கழிக்காமல் ‘எக்ஸஸ்’ என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். ‘அசலில் வரவு வைத்துப் புதிய தவணை அட்டவணை கொடுங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். இஎம்ஐ குறைய வேண்டுமா, காலம் குறைய வேண்டுமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே தவணை நிலுவை இருந்தால் முதலில் அதற்குத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இது நடக்கும்போது இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். ‘இன்சூரன்ஸ் பங்கை மட்டும் கழித்துக் கட்டுகிறேன்’ என்று 349 குறைத்துக் கட்டினாலும் அது நிலுவைதான். அபராதம் விழும், சிபிலில் ஏறும். புகார் நிலுவையில் இருக்கிறது என்பது இதற்கெல்லாம் தடை இல்லை.

குழுத் தலைவி

மகளிர் குழுக் கடனில் கணவர் பெயரும் சேர்த்துக் காப்பீடு பிடிப்பார்கள். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி இதற்கு முழுச் சம்மதம் வேண்டும், கட்டணம் லோன் கார்டிலேயே எழுதியிருக்க வேண்டும். கார்டைப் புரட்டிப் பாருங்கள் அக்கா. ஆனால் அவசரப்பட்டு எல்லாரும் ரத்து செய்ய வேண்டாம். சர்க்கரை, இதய நோய் இருக்கிறவர்களுக்குத் தனி டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் உயிர் காப்பீடு) கிடைப்பது கஷ்டம். வேறு பாலிசி கைக்கு வந்த பிறகுதான் இதை விட வேண்டும்.

வேலை இழப்புக் காப்பீடு மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. தானாக ராஜினாமா செய்தால் தராது, சுயதொழிலுக்குப் பொருந்தாது, கிடைத்தாலும் சில தவணைதான்.

பாலிசி பாண்டியன்

பதில் வரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், போன் 155255. ஒரு மாதம் கழிந்தும் தீராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கி செய்த தவறு (கேஎஃப்எஸ் தராதது, சம்மதம் இல்லாமல் பிடித்தது) என்றால் அது ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன், போன் 14448. அங்கும் வங்கிக்கு 30 நாள் கொடுத்த பிறகுதான். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று ஆகிவிடும்.

லோனை முன்கூட்டியே முடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கியதும் இன்சூரன்ஸ் தானாக முடியாது, பணமும் தானாக வராது. சரண்டர் விண்ணப்பத்தைத் தனியாகக் கொடுங்கள்.